லேக் கார்டன்ஸுக்கு மெட்ராஸ் ஐ வந்த வழி

"நோய்னு ஒண்ணு இந்தக் கட்டடத்துக்குள்ள வரணும்னா, அது என்னைத் தாண்டித்தான் வரணும்."

கொரோனாவின் முதல் வருஷத்தில், கல்கத்தா லேக் கார்டன்ஸின் ஒரு நான்கு மாடிக் கட்டட வாசலில் நின்று திருவேங்கடம் செய்த பிரகடனம் இது. முகத்தில் இரண்டு மாஸ்க், அதன்மேல் பிளாஸ்டிக் கவசம், கையில் நெற்றிக்குக் குறிவைக்கும் தெர்மாமீட்டர். எதிரே நின்றவர் பால்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பக்தியோடு தலையாட்டினார். அடுத்த தெருவுக்குப் பால் போயாக வேண்டும். சரித்திரத்தின் பெரிய பிரகடனங்கள் பலவும் இப்படி அவசரத்தில் இருப்பவர்களிடம்தான் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

திருவேங்கடம் கல்கத்தாவிலேயே பிறந்தவர். தாத்தா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக்குக் கணக்கெழுத வந்து, திரும்பிப் போக மறந்தவர். பேரன் ஒரு வங்கியின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் சேர்ந்து, கிளை கிளையாகப் போய்ப் பிறர் செய்த தவறுகளைக் கண்டுபிடிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தார். ஓய்வு பெற்றதும் கண்டுபிடிக்கத் தவறுகள் இல்லாமல் வாடிப்போனார். வீட்டில் இருந்தவை எல்லாம் மனைவி பாகீரதி செய்தவை. அவற்றைச் சுட்டிக்காட்டும் தைரியம் எந்த வங்கியும் தரும் பயிற்சியில் கிடைப்பதில்லை. அந்த நேரத்தில்தான் கொரோனா வந்தது. ஓய்வுபெற்ற அதிகாரிக்கு ஒரு கொள்ளைநோய் செய்யும் உதவியைச் சொந்தப் பிள்ளைகள்கூடச் செய்வதில்லை.

கட்டடத்தின் நோய்த்தடுப்பு அதிகாரியாகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டார். கத்தரிக்காய்க்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார். கூரியரில் வந்த பார்சல்களை வடகம்போல் மொட்டைமாடியில் காயவைத்தார். மாஸ்க் விஷயத்தில் மகா கண்டிப்பு. முக்கியமான விஷயம் பேசும்போது மட்டும் அதைத் தாடைக்கு இறக்கிக்கொள்வார். அவர் பேசுவது எல்லாமே முக்கியமான விஷயம்.

அந்த வருஷம் கட்டடத்தில் நோயே இல்லை என்பது திருவேங்கடத்தின் சாதனை. மூன்றாம் மாடி அன்னபூரணி மாமி ஒரு வாரம் வாசனையே தெரியாமல் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள் என்பதும், கீழ்வீட்டு ராஜாராமன் இருமல் வந்தபோதெல்லாம் மிக்ஸியைப் போட்டுக்கொண்டார் என்பதும் அவருக்கு யாரும் சொல்லாத செய்திகள். நோயைக் கண்டுபிடிக்கிறவர் திட்டுகிறவராகவும் இருந்தால், நோய் குறைவதில்லை. அதைப் பற்றிய தகவல்தான் குறைகிறது. இது பெரிய பெரிய தேசங்களுக்கே புரியாத விஷயம். லேக் கார்டன்ஸைக் குறை சொல்லி என்ன பயன்?

பிறகு கொரோனா போயிற்று, அல்லது எல்லோருக்கும் அலுத்துப் போயிற்று. தெர்மாமீட்டரின் பேட்டரி செத்தது. திருவேங்கடம் மறுபடி வாடத் தொடங்கிய ஒரு மழைக்காலத்தில், ஊரெங்கும் கண்நோய் வந்தது.

இந்த நோயை வங்காளிகள் 'ஜாய் பாங்ளா' என்கிறார்கள். எழுபத்தொன்றில் கிழக்கிலிருந்து அகதிகள் வந்த காலத்தில் பரவியதாம். அவர்களுடைய கோஷத்தையே நோய்க்கும் சூட்டிவிட்டார்கள். நோய்க்குப் பெயர் வைக்கும்போது மட்டும் உலகம் முழுக்க ஜனங்கள் பெருந்தன்மையாக அடுத்தவன் ஊரைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். தமிழர்களாகிய நாம் மட்டும் சொந்தத் தலைநகரின் பெயரையே வைத்து 'மெட்ராஸ் ஐ' என்கிறோம். ஊர் சென்னையாகி எத்தனையோ வருஷம் ஆயிற்று. நோய் இன்னும் பழைய விலாசத்திலேயே குடியிருக்கிறது.

நோயாளியின் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பதில் மட்டும் இரு இனத்தாருக்கும் அபார ஒற்றுமை. ஆகவே ஊரெல்லாம் கறுப்புக் கண்ணாடி. கரியாஹாட் நடைபாதையில் கண்ணாடி விற்றவர்கள் அந்த மாதம் புன்னகை மாறாமல் இருந்தார்கள். பாவம், கிருமிக்குப் பார்வையில் ஏறிச் சவாரி செய்யும் சாமர்த்தியம் எல்லாம் கிடையாது. அதற்குத் தெரிந்த வாகனம் கை. கண்ணைக் கசக்கிய கை கதவுப்பிடியைத் தொடும். அதே பிடியைத் தொட்ட இன்னொரு கை இன்னொரு கண்ணைத் தேடிப் போகும். எல்லா மனிதரும் கண்ணைத் தொடுகிறவர்கள்தான். நாமோ அதை ஒரு ஆசாரமாகவே வைத்திருக்கிறோம். கற்பூர ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். தீர்த்தம் வாங்கிய ஈரக்கையை ஒற்றிக்கொள்கிறோம். கால் பட்ட புத்தகத்தை, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை, கோயில் கதவு சாத்தியிருந்தால் கதவை. கண்நோய்க் கிருமியைக் கூப்பிட்டு, உனக்கு எப்படிப்பட்ட ஜனங்கள் வேண்டும் என்று கேட்டிருந்தால், வெட்கத்தை விட்டு நம்மைத்தான் கேட்டிருக்கும்.

இந்த இடத்தில் பாகீரதியின் கண்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டிலும் புரை. இடது கண்ணுக்குக் குளிர்காலத்தில் ஆபரேஷன் ஆகி, உலகம் பளிச்சென்று ஆகிவிட்டது. வலது கண் பாக்கி. "இடது கண்ணால பார்த்தா இவர் கிழவர், வலது கண்ணால பார்த்தா கல்யாணத்தப்போ இருந்த மாதிரி புகைமூட்டமா அழகா இருக்கார்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை. இரண்டு கண்ணும் இரண்டு விதமாகச் சொன்னதில் அவளுக்கு ஆழம் பிடிபடாமல் போயிற்று. சாம்பாரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஊற்றினாள். ஜூன் மாதம் மாடிப்படியில் இல்லாத ஒரு படியில் காலை வைத்து உருண்டாள். அதற்கப்புறம் சுவரைப் பிடிக்காமல் அவள் நடக்கவில்லை. சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போவது நின்றது. பல மாதம் காத்திருந்து வலது கண்ணுக்கு ஒரு வியாழக்கிழமை தேதி கிடைத்தது. அதற்குள் கண் சிவந்தால் தேதி போய்விடும், டாக்டர் வெளிநாடு போகிறார், அடுத்தது தீபாவளிக்கு அப்புறம்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வியாழனுக்குச் சற்று முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவேங்கடத்தின் அக்கா பையன் வருண் வந்தான். செக்டர் ஃபைவில் ஐ.டி. வேலை, கரியாஹாட்டில் நண்பர்களோடு அறை. ஞாயிறு தோறும் மாமா வீட்டுத் தயிர்சாதத்துக்கு ஆஜராகிறவன். அன்று ஆஜரானபோது கண் இரண்டும் தக்காளித் தொக்காக இருந்தன.

"என்னடா இது?"

"மெட்ராஸ் ஐ மாமா. ரூம்ல எல்லாருக்கும் வந்திருக்கு."

"உங்க ரூம்ல மெட்ராஸ்லேர்ந்து வந்தவன் நீதானே?"

"நான் கோயம்புத்தூர் மாமா."

"எல்லாம் ஒரே ரயில்தான். உட்காரு."

திருவேங்கடம் தயாராக இருந்தார். மருந்துக்கடையில் எந்தச் சீட்டும் இல்லாமல், தோரணையை மட்டும் காட்டி வாங்கிய சொட்டு மருந்து அவரிடம் இருந்தது. வருணின் இமையை விரித்து, புட்டியின் மூக்கு அவன் கண்ணிமை மயிரில் நன்றாக உரசும்படி, இரண்டு கண்ணிலும் விட்டார். வழிந்ததைத் தோள் துண்டின் முனையால் துடைத்தார். இந்தக் கண்நோய்க்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ். அது அந்த மருந்தைக் கண்டு சிரித்திருக்கும். மருந்து அதை ஒன்றும் செய்யவில்லை. குடியிருக்க ஒரு புட்டி மட்டும் கொடுத்தது.

"எனக்குத் தனியா ஒண்ணு வாங்கிக்கறேன் மாமா."

"எதுக்கு? இதுவே நிறைய இருக்கு." திருவேங்கடத்துக்கு அந்தக் கணத்தில் ஞானம் பிறந்தது. "வந்தவனுக்கு விட்டா வைத்தியம். வராதவாளுக்கு விட்டா தடுப்பு!"

அன்று மாலை அவர் வீட்டுக் கூடத்தில், வாரா வாரம் நடக்கும் சஹஸ்ரநாம பாராயணம். கட்டடத்துத் தமிழர்கள் அத்தனை பேரும் வருவார்கள். மேல்மாடி தீப்தியும் வருவாள். நர்சரி டீச்சரான வங்காளிப் பெண், சஹஸ்ரநாமத்தில் ஒரு நாமமும் புரியாமல், பின்னால் வரப்போகும் சுண்டலுக்காகப் பொறுமையோடு உட்கார்ந்திருப்பாள். ஆரத்தி ஆயிற்று. எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தீர்த்தம் ஆயிற்று. அதற்கப்புறம் திருவேங்கடம் புட்டியோடு வந்து நின்றார்.

வரிசை நகர்ந்தது. அண்ணாந்த முகம், ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, அதே துண்டால் ஒரு துடைப்பு. ராஜாராமன் விட்டுக்கொண்டார். அன்னபூரணி மாமி கண்ணை மூடிக்கொண்டே விடச் சொன்னாள். நியாயமான மனிதர் ஆகையால் திருவேங்கடம் தமக்கும் விட்டுக்கொண்டார்.

தீப்தி மட்டும் கண்ணில் லென்ஸ் இருக்கிறது என்று நழுவினாள். படித்த பெண்களின் அசட்டை என்று திருவேங்கடம் முகத்தைச் சுளித்தார். அடுத்த அவமானம் சொந்த வீட்டிலேயே காத்திருந்தது.

"எனக்கு வேண்டாம்னா" என்றாள் பாகீரதி. "என் கண்ணு இப்போ டாக்டரோட சொத்து. அவர் எழுதிக் கொடுக்காம ஒரு சொட்டும் உள்ள போகாது."

"ஊருக்கே செய்யறேன். உனக்குச் செய்யக்கூடாதா?"

"ஊரை முதல்ல பாருங்கோ."

ஊர் சீக்கிரமே சிவந்தது. ராஜாராமனுக்கு இரண்டு கண்ணும். அன்னபூரணி மாமிக்குக் காலையில் இமை ஒட்டிக்கொண்டு, விபூதி சம்புடத்துக்குப் பதில் மிளகாய்ப்பொடி டப்பாவைத் திறக்கப் பார்த்தாள். வரிசையில் நின்ற அத்தனை வீட்டிலும் கறுப்புக் கண்ணாடி. மாடிப்படியில் ஒருவரை ஒருவர் கடக்கும்போது ஏதோ உளவுத்துறை அலுவலகம் மாதிரி இருந்தது.

திருவேங்கடத்தின் இடது கண்ணும் சிவந்து உறுத்தியது. "தூசி" என்றார். "துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறக்கறான், அந்தத் தூசி." பிறர் கண் சிவந்தால் நோய், தம் கண் சிவந்தால் தூசி என்பது அவருடைய இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் நெடுங்காலமாக நிலவும் கொள்கை.

ஆனால் மனத்துக்குள் அவர் பயந்திருந்தார். நோய் கட்டடத்துக்குள் இருக்கிறது, வியாழக்கிழமை நெருங்குகிறது, பாகீரதி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். இதைக் கொண்டுவந்தவர் யார் என்று தெரிந்தால்தான் அவரை அவளிடம் நெருங்கவிடாமல் தடுக்க முடியும். ஓய்வுக்குப் பிறகு முதல் முறையாக ஒரு முறையான விசாரணை தொடங்கியது. முதல் சாட்சி ராஜாராமன், மாடிப்படியில் மடக்கப்பட்டார்.

"உண்மையைச் சொல்லு. ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி எங்கெல்லாம் போனே?"

"ஹவுரா போனேன். தங்கையை ரயிலேத்தி விட."

"லாஞ்சுலயா?"

"ஆமா."

"கம்பியைப் பிடிச்சியா?"

"பிடிக்காம கங்கையில விழச் சொல்றியா?"

திருவேங்கடத்தின் முகம் மலர்ந்தது. ஹவுரா! சந்தேகப்பட வசதியான ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு. இந்த உற்சாகத்தோடு மூன்றாம் மாடிக்கு ஏறினார்.

"மாமி, நீங்க சமீபத்துல ஹவுரா போனேளா?"

"நான் வாசப்படி இறங்கியே எத்தனையோ நாளாச்சு. உங்காத்துப் பாராயணத்துக்கு வந்ததோட சரி."

"அங்க யாரையாவது தொட்டேளா?"

"நான் ஏன் யாரையும் தொடறேன்? நீங்கதான் என் கண்ணைத் தொட்டேள்."

இதைத் திருவேங்கடம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாட்சிகள் விசாரணை அதிகாரியையே குற்றம் சொல்வது சகஜம். அதையெல்லாம் பொருட்படுத்தினால் எந்த விசாரணையும் முடியாது. ஹவுரா கைவிட்டுப் போனதில்தான் வருத்தம். மிச்சம் இருந்தது ஒரே ஆள். குழந்தைகளோடு பழகுகிறவள், தடுப்பு மருந்தை மறுத்தவள். நான்காம் மாடியில் மணியடித்தார். பேச்சு வங்காளத்தில் நடந்தது. அவளுக்குக் கட்டடத்துப் பெரியவர்கள் எல்லாம் மேஷோ, அதாவது மாமா; பாகீரதி மாசிமா, அதாவது மாமி.

"உன் ஸ்கூலில் ஜாய் பாங்ளா இருக்கிறதா?"

"பாதி வகுப்பு காலி, மேஷோ. மீதிப் பாதி என் மடியில் உட்கார்ந்து கண்ணைக் கசக்குகிறது."

"அப்படியா! கறுப்புக் கண்ணாடியைக் கழற்று, பார்க்கிறேன்."

"நான் போடவில்லையே. போட்டிருப்பது நீங்கள்தான்."

திருவேங்கடம் கழற்றினார். தீப்தியின் கண்கள் தேங்காய்ச் சில்லாக வெளுத்திருந்தன.

"உனக்கு ஏன் வரவில்லை?" குரலில் குற்றச்சாட்டு இருந்தது.

"எனக்கும் ஆச்சரியம்தான். குழந்தைகளைத் தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன், அவ்வளவுதான். உங்கள் வீட்டில்கூட எல்லோருக்கும் நடுவில்தானே உட்கார்ந்திருந்தேன்? ராஜாராமன் மேஷோவின் தட்டிலிருந்து சுண்டல் எடுத்தேன். மாசிமாவும் என் பக்கத்திலேயேதான் இருந்தார். அந்தச் சொட்டு மருந்தை மட்டும் விட்டுக்கொள்ளவில்லை." சிரித்தாள். "மாசிமாவும் விட்டுக்கொள்ளவில்லை, இல்லையா? அவருக்கு வரவில்லைதானே? நல்லவேளை. டீ போடட்டுமா?"

படித்தவர்கள் இதற்கு நான்கு கட்டம் போடுவார்கள். சொட்டு விட்டுக்கொண்டு நோய் வந்தவர்கள் ஒரு கட்டம், விட்டுக்கொண்டும் வராதவர்கள் ஒரு கட்டம், விட்டுக்கொள்ளாமல் வந்தவர்கள் ஒன்று, விட்டுக்கொள்ளாமல் வராதவர்கள் ஒன்று. ஒரே காற்று, ஒரே கூடம், ஒரே சுண்டல். இரண்டு கட்டம் நிரம்பி வழிய, இரண்டு கட்டம் காலியாகக் கிடந்தால் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை. திருவேங்கடத்துக்குக் கட்டம் போடத் தேவையிருக்கவில்லை. கிளை மேலாளர்களின் முகத்தில் அவர் எத்தனையோ முறை பார்த்து ரசித்த ஒரு நிறம் இப்போது அவர் முகத்திலேயே வந்திருந்தது.

டீ வேண்டாம் என்று பாதிப் படி இறங்கினார். மறுபடி ஏறி வந்தார்.

"வியாழக்கிழமை உனக்கு லீவு கிடைக்குமா, அம்மா?"

வீட்டுக்கு வந்ததும் புட்டியைக் குப்பையில் போட்டார். குளியலறைக் கம்பியில் ஒரே ஒரு துண்டு தொங்கியது. இருவருக்கும் பொதுவானது, இத்தனை வருஷமாக. அதைத் தொடப் போனவர், நின்று, முதலில் சோப்பை எடுத்துக் கையைக் கழுவினார். பிறகு துண்டைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டார். மறுபடி கழுவினார். பெட்டியை எடுத்தபோது பாகீரதி சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள்.

"ஏன்னா, எங்க கிளம்பறேள்?"

"வருண் ரூமுக்கு."

"அங்க எல்லாப் பசங்களுக்கும் கண்ணு செவந்திருக்குன்னானே?"

"எனக்கும்தான்."

"தூசின்னேளே?"

"தூசி இல்லை."

கல்யாணமான நாளாக இவர் சொன்ன ஒரு வார்த்தையை இவரே திரும்பப் பெற்று அவள் கேட்டதில்லை. பார்க்கிற கண்ணைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு எதிரே வைத்துப் பார்க்க ஓரடி எடுத்துவைத்தாள்.

"கிட்ட வராதே!" என்று திருவேங்கடம் பின்னால் நகர்ந்து குடை ஸ்டாண்டில் இடித்துக்கொண்டார். "வியாழக்கிழமை தீப்தி உன்னோட வருவா. படியில அவ கையைப் பிடிச்சுக்கோ. அதுவரைக்கும் உனக்குன்னு தனித் துண்டு, தனித் தலையணை உறை. கண்ணுல கை வைக்காதே. ஆரத்தி எடுத்தா கும்பிட்டுக்கோ, ஒத்திக்காதே. பெருமாள் கோச்சுக்க மாட்டார்."

"நீங்க என்ன பண்ணப்போறேள் அங்க?"

"செவந்த கண்ணோட செவந்த கண்ணா இருக்கேன்."

கரியாஹாட் அறையில் பையன்கள் அவரை வரவேற்ற விதத்தில் மரியாதை இருந்தது, கருணை இல்லை. வருண் ஒரு மூலையைக் காட்டினான். "மாமா, உங்க டவல் இந்த ஆணி. என் டவலைத் தொட்டீங்கன்னா உங்களையும் துவைச்சுக் காயப்போட்டுருவோம்." நோய்த்தடுப்பு அதிகாரி சரி என்று தலையாட்டினார். அங்கிருந்து கட்டடத்துக்குப் போன் போட்டார்.

"ராஜாராமா, எல்லார்கிட்டயும் சொல்லு. துண்டு தனித்தனி. கண்ணைத் துடைச்சா கையைக் கழுவணும். யார் மருந்தையும் யாரும் விட்டுக்கப்படாது. கண்ணு ரொம்ப வலிச்சாலோ மங்கினாலோ டாக்டர்கிட்டப் போகணும்."

"அது இருக்கட்டும். விசாரணை என்னாச்சு? கொண்டுவந்தது யாரு?"

"ஃபைலை மூடியாச்சு."

"ஹவுராதானே?"

"ஹவுரா மேல தப்பில்லை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை வந்தது. பாகீரதியின் கண் வெளுப்பாகவே இருந்தது, ஆபரேஷனும் ஆயிற்று. மத்தியானம், ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கத்து டீக்கடையில், கறுப்புக் கண்ணாடியும் கையில் ஆறிப்போன மண்குவளை டீயுமாகத் திருவேங்கடம் நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்தது. வலது கண்ணில் மூடியோடு பாகீரதி, தீப்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். படியில் நின்றாள். பையில் துழாவினாள். அவருடைய போன் அடித்தது.

"டீக்கடை வாசல்ல வில்லன் மாதிரி நிக்கறது நீங்கதானே?"

"எப்படித் தெரிஞ்சுது? கண்ணை மூடியிருக்காளே?"

"ஒண்ணைத்தானே மூடியிருக்கா? இன்னொண்ணு புதுசு. சட்டைப் பட்டனை மாத்திப் போட்டுண்டிருக்கேள்."

"வலிக்கறதா?"

"இல்லை. ரோட்டைக் கடந்து வாங்களேன், ஒரு நிமிஷம். பார்த்து எத்தனை நாளாச்சு."

ஒரு பஸ் போயிற்று. திருவேங்கடம் நடைபாதையிலிருந்து ஒரு காலை இறக்கினார். மஞ்சள் டாக்ஸி ஒன்று தீப்தி காட்டிய இடத்தில் வந்து நின்றது. இறக்கிய காலை மறுபடி மேலே எடுத்து வைத்துக்கொண்டார்.

"வேண்டாம்" என்றார். "நான் வந்தா என்னோட அதுவும் வரும். நீ வண்டில ஏறு, பாகீரதி."